தண்ணீரைக் குடிக்காத பஞ்சு: எண்ணெய்க் கசிவை இயற்கை நார்க் கலவைத் துணியால் எடுப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்தபோது எண்ணூர்க் கழிமுகத்தில் தண்ணீருக்கு மேல் கறுப்பாக எண்ணெய் நின்றது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியே இறங்கிக் கொசஸ்தலையாற்றில் பரவிய எண்ணெய் அது. படகு, வலை, அலையாத்தி வேர் என்று தொட்டதிலெல்லாம் அப்பிக்கொண்டது. அதை அள்ள இறங்கிய மீனவர்கள் பலரின் கையில் இருந்தது பிளாஸ்டிக் குவளையும் வாளியும். அதற்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகளுக்கு முன், 2017 ஜனவரி 28 அன்று, காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோதும் எர்ணாவூர்க் கரையில் இதே வாளிதான்.

பஞ்சாலையும் பனியன் கம்பெனியும் நிறைந்த மாநிலத்தில் எண்ணெயை உறிஞ்ச ஒரு துணி இல்லையா என்று அப்போது பலர் கேட்டார்கள். இருக்கிறது, இங்கேயே செய்யவும் முடியும். ஆனால் அது எல்லா எண்ணெய்க்கும் ஆகாது. 2017-இல் கரை சேர்ந்த கெட்டியான கப்பல் எரிபொருள் சேற்றை எந்தத் துணியும் உறிஞ்சியிருக்காது. அதற்கு மண்வெட்டியும் வாளியும்தான். எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் வேலையும் குறையும், குப்பையும் குறையும்.

எண்ணெய்க் கசிவுத் துணிக்கு முதல் தகுதி எண்ணெயைக் குடிப்பதல்ல, அதை எந்தக் கந்தலும் செய்யும். தண்ணீரைக் குடிக்காமல் இருக்க வேண்டும். ஆற்றிலோ கடலிலோ துணியைப் போட்டால் அது முதலில் தொடுவது பெரும்பாலும் தண்ணீரைத்தான். தண்ணீரால் வயிறு நிரம்பிய துணியில் எண்ணெய்க்கு இடம் இருக்காது. கனத்து முங்கிப்போகும், வெளியே தூக்கினால் நீங்கள் சுமப்பது தண்ணீர்.

முதல் படி: இது உங்கள் வேலையா?

பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால் துணியை எடுக்காதீர்கள், விலகிப் போங்கள். எளிதில் ஆவியாகும் எண்ணெயை ஒரு பஞ்சு மூட்டையில் தேக்கி வைப்பது திரி போட்டு விளக்கேற்றுவதற்குச் சமம். புதிதாகக் கசிந்த கச்சா எண்ணெயிலும் பென்சீன் போன்ற ஆவிகள் இருக்கும். முதல் சில மணி நேரம் அந்த ஆவியைக் காற்று அடித்துவரும் பக்கம் நிற்பதுகூட ஆபத்து. கடலிலும் கழிமுகத்திலும் கசிவைப் பார்த்தால் முதலில் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டத்தின்படி கடலில் ஒருங்கிணைக்கும் பொறுப்பு அவர்களுடையது.

டீசல், என்ஜின் ஆயில், ஹைட்ராலிக் ஆயில், நடுத்தரக் கச்சா எண்ணெய் ஆகியவைதான் துணிக்கு ஏற்றவை. படகுத்துறை, ஒர்க்‌ஷாப், ஜெனரேட்டர் அறை, ஆலை வடிகால், கால்வாய் மூலை, மிதவை வேலிக்குள் தேங்கிய மிச்சம் ஆகியவைதான் அதற்கு ஏற்ற இடங்கள். நடுக்கடலில் மைல் கணக்கில் பரந்த எண்ணெயைத் துணி விரித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: எவ்வளவு எண்ணெய் என்று கண்ணால் கணக்கிடுவது

தண்ணீர் மேல் நிறம் தெரிந்தாலே நிறைய எண்ணெய் கொட்டிவிட்டதாகப் பதறுகிறோம். வானிலிருந்து பார்த்து அளவிடுவோர் பயன்படுத்தும், வட கடல் நாடுகளின் பான் ஒப்பந்த நிறக் குறியீடு வேறு கதை சொல்கிறது. வெள்ளி மினுக்கமாகத் தெரிந்தால் ஒரு சதுர கிலோமீட்டரில் இருப்பது வெறும் 40 முதல் 300 லிட்டர். வானவில் நிறமென்றால் 300 முதல் 5,000 லிட்டர், உலோகப் பளபளப்பென்றால் 5,000 முதல் 50,000 லிட்டர் வரை. எண்ணெய் தன் சொந்த நிறத்திலேயே, கறுப்பாகவோ பழுப்பாகவோ தெரியும்போதுதான் அள்ளுமளவு கனம் இருக்கிறது.

ஆகவே வெள்ளி மினுக்கத்தைத் துரத்தாதீர்கள். ஒரு சதுர கிலோமீட்டரில் சிதறிய 100 லிட்டருக்காக ஆயிரம் துணிகளை நனைத்தால், கடைசியில் கையில் இருப்பது எண்ணெய் பட்ட ஆயிரம் துணி. எண்ணெய் எங்கே ஒதுங்கித் தடித்து நிற்கிறதோ அங்கேதான் வேலை.

மூன்றாம் படி: நாரைத் தேர்ந்தெடுப்பது

விஷயம் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மருந்துக் கடைப் பஞ்சு ஒரு கை, பழைய தலையணையின் இலவம் பஞ்சு ஒரு கை எடுத்து, தண்ணீர் நிறைந்த அண்டாவில் போட்டுப் பாருங்கள். மருந்துக் கடைப் பஞ்சு சில நொடிகளில் முங்கிவிடும். இலவம் பஞ்சு மறுநாள் காலையிலும் மிதந்துகொண்டிருக்கும். இரண்டும் செடி தந்த செல்லுலோஸ் நார்தான். வித்தியாசம் மெழுகில் இருக்கிறது.

பருத்தி நாரின் மேலும் இயற்கையாக ஒரு மெல்லிய மெழுகுப் படலம் உண்டு, எடையில் ஒரு சதவீதம்கூடத் தேறாது. செடியிலிருந்து வந்த கச்சாப் பருத்தி அதனால்தான் தண்ணீரை உதறுகிறது. சாயப் பட்டறையில் காரம் போட்டு அவித்து வெளுக்கும்போது அந்த மெழுகு போய்விடுகிறது, பருத்தி தண்ணீருக்குத் தாகம் கொண்டதாகிவிடுகிறது. நாம் உடுத்தும் துணிக்கு அது நல்லது, வியர்வையை உறிஞ்சும். எண்ணெய்க் கசிவுக்கு அதுவே கேடு.

திருப்பூர் பனியன் வேஸ்ட் இந்த வேலைக்கு ஆகாததன் காரணம் இதுதான். ஒர்க்‌ஷாப் தரையில் சிந்திய ஆயிலைத் துடைக்க அதைவிட மலிவான பொருள் கிடையாது, ஏனென்றால் அங்கே தண்ணீர் இல்லை. அதையே ஆற்றில் போட்டால் தண்ணீரைக் குடித்துவிட்டு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். துணிதான் வேண்டுமென்றால் காடா துணி, அதாவது வெளுக்காத, சாயமேற்றாத துணி. அதிலும் பசை போட்ட காடா வேண்டாம், கஞ்சிப் பசை தண்ணீரை இழுக்கும்.

மில்லில் பஞ்சு கேட்பதானால், நூற்பதற்கு முன் சீவி ஒதுக்கும் கோம்பர் வேஸ்ட் கேளுங்கள். குட்டை நார்தான், ஆனால் தண்ணீரே படாத கட்டத்தில் ஒதுக்கப்பட்டது, மெழுகு அப்படியே இருக்கும். பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமின் தூசிக் கழிவு வேண்டாம், அதில் இலைச் சருகும் விதைத்தோலும்தான் அதிகம். மைக்ரோனேர், அதாவது நாரின் தடிப்பையும் முதிர்ச்சியையும் காட்டும் அளவு, குறைந்த பருத்தியும் உண்டு. முற்றாத, சுவர் மெலிந்த நார் என்பதால் நூற்பாலைகள் விலை குறைத்துக் கேட்கும் சரக்கு. டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேஷாத்ரி ராம்குமாரின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கழித்துக்கட்டிய கச்சாப் பருத்திதான் தன் எடையைப் போல் 30 மடங்குக்கு மேல் கச்சா எண்ணெயைப் பிடித்தது. மெல்லிய நார், அதனால் எடைக்கு எடை அதிகப் பரப்பு, அதன் மேல் மெழுகு.

இலவம் இன்னும் ஒரு படி மேல். நார் உள்ளே குழலாக இருக்கிறது, பெரும்பகுதி வெற்றிடம். மேலே மெழுகு. எண்ணெய் நார்களுக்கு இடையிலும் போகும், குழலுக்குள்ளும் ஏறும். போடி பக்கம் இலவம் பஞ்சுத் தலையணைத் தொழில் இன்றும் நடக்கிறது, பஞ்சு கிடைப்பது சிரமமில்லை. வாங்கும்போது மட்டும் தண்ணீர்ச் சோதனை செய்யுங்கள். வெளுத்த பருத்திக் கழிவு கலந்திருந்தால் ஒரு பகுதி முங்கிக் காட்டிக்கொடுக்கும். தாத்தாவின் தலையணைப் பஞ்சை எடுக்கலாமா என்றால், வேண்டாம். நாற்பது வருடத் தேங்காயெண்ணெயும் தூளாகிப்போன நாரும்தான் அதில் இருக்கும்.

அப்படியானால் முழுக்க இலவமே போதாதா? போதாது, துணியாக நிற்காது. நார் வழவழப்பு, குட்டை, ஒடியும். தனியாக நூற்கவும் முடியாது, நாரைச் சிக்கெடுத்துப் படலமாக்கும் கார்டிங் மெஷினில் போட்டால் பாதி பறந்து மில் முழுக்கப் பனி பெய்யும். எருக்கம் பஞ்சும் இதே குணம். இலவு காத்த கிளிக்கு ஏமாற்றம் தந்த அந்தப் பஞ்சு, துணி செய்யப் போகிறவனையும் முதலில் ஏமாற்றத்தான் செய்யும். கலவை இதற்காகத்தான் வருகிறது. பருத்தி நார்களைப் பின்னிப் பிடிக்கும். இலவமும் எருக்கும் எண்ணெயைச் சுமக்கும். பாலிப்புரொப்பிலீன் சூட்டில் உருகி எல்லாவற்றையும் ஒட்டவைக்கும், தண்ணீரைவிட அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கவும் உதவும். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நான்கையும் கலந்து வெப்பத்தால் ஒட்டிய நான்வோவன், அதாவது நெய்யாத துணி, பற்றியதுதான்.

பாலிப்புரொப்பிலீன் மக்காத பிளாஸ்டிக் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சந்தையில் விற்கும் எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளில் பெரும்பாலானவை முழுக்க அந்தப் பிளாஸ்டிக்தான். அதை ஐந்தில் ஒரு பங்காகக் குறைப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

நான்காம் படி: விரிப்பு செய்வது, அல்லது செய்யச் சொல்வது

துணி எவ்வளவு எண்ணெய் பிடிக்கும் என்பதை நாரின் பெயரைவிட அதிகமாக நிர்ணயிப்பது உள்ளே இருக்கும் காற்று. சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்திலிருந்து 2007-இல் வந்த ஆய்வு ஒன்றில், இலவத்தைக் கன சென்டிமீட்டருக்கு 0.02 கிராம் என்று தளர்வாக அடைத்தபோது டீசலை 36 மடங்கும் என்ஜின் ஆயிலை 45 மடங்கும் பிடித்தது. அதே பஞ்சை 0.09 கிராம் என்று அமுக்கி அடைத்தபோது டீசல் 7.9 மடங்காகவும் என்ஜின் ஆயில் 8.6 மடங்காகவும் விழுந்தது. பஞ்சு அதேதான், காற்றைத்தான் பிடுங்கிவிட்டார்கள்.

இதை நீங்களே கணக்கிடலாம். சதுர மீட்டருக்கு 400 கிராம் எடையுள்ள விரிப்பு 4 மில்லிமீட்டர் தடிமன் என்றால், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம். ஒரு கிராம் நாருக்கு 10 கன சென்டிமீட்டர் இடம், நாரின் உடம்பு போக மீதி 9 சொச்சம், அதில் கொள்ளும் எண்ணெய் அதிகபட்சம் 8 கிராம். அதே 400 கிராம் விரிப்பு 12 மில்லிமீட்டர் பொசுபொசுவென்று இருந்தால் கிட்டத்தட்ட 25 கிராம் வரை இடமுண்டு. எனவே யாராவது தட்டையான, அழகாக இஸ்திரி போட்டது போன்ற விரிப்பைக் காட்டி நாற்பது மடங்கு உறிஞ்சும் என்றால், ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) எவ்வளவு, தடிமன் எவ்வளவு என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

மில் வசதி உள்ளவர்களுக்கு: இலவம் 50, கோம்பர் பருத்தி 30, பாலிப்புரொப்பிலீன் 20 என்ற விகிதத்தில் தொடங்கிப் பாருங்கள். இது வேதவாக்கு அல்ல, உங்கள் மெஷினுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கார்டிங்கில் இலவம் பறந்தால் பருத்தியும் பாலிப்புரொப்பிலீனும் கலந்த படலத்தை மேலும் கீழும் வைத்து, நடுவில் இலவத்தைப் பரப்பிச் சப்பாத்திக்குள் பூரணம் போலச் செய்யலாம். நார்களைப் பின்னிக்கொள்ளச் செய்யும் ஊசிக் குத்து லேசாகப் போதும், நெருக்கிக் குத்தினால் இறுகிவிடும். ஒட்டுவதற்கு வெப்பக் காற்று அடுப்பு வேண்டும், பாலிப்புரொப்பிலீன் உருகுவது 160 முதல் 165 டிகிரியில். சூடான உருளைக்கு இடையில் விட்டு அழுத்தாதீர்கள், சேர்த்த காற்றெல்லாம் போய்விடும். ஈரத்தை இழுக்கும் எந்த ரசாயனமும், சாஃப்ட்னரும், சாயமும் படக்கூடாது. இலவம் சட்டென்று தீப்பிடிக்கும், மெஷின் அருகே தீயணைப்பான் கட்டாயம்.

மில் இல்லாதவர்களுக்குத் திண்டு. கொசுவலையில் பை தைத்து, உள்ளே இலவமும் கச்சாப் பருத்தியும் பாதிப் பாதி உதிர்த்துக் கலந்து அடைத்து, வெளியே பழைய மீன்வலையைச் சுற்றிக் கட்டினால் போதும். கொசுவலை பஞ்சைப் பிடித்துவைக்கும், மீன்வலை இழுவையைத் தாங்கும். 15 சென்டிமீட்டர் விட்டம், 1 மீட்டர் நீளமுள்ள திண்டின் கொள்ளளவு ஏறக்குறைய 17,700 கன சென்டிமீட்டர். அதற்கு அரைக் கிலோ பஞ்சு, கொஞ்சம் கூடலாம். கை வைத்து அமுக்கினால் பாதியாவது உள்ளே போக வேண்டும். இறுகத் திணிக்க வேண்டும் என்று கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கணக்குப்படி இதில் 14 கிலோ எண்ணெய் வரை கொள்ளும். களத்தில் அலை, குப்பை, கலந்த தண்ணீர் எல்லாம் போகப் பாதிதான் நம்ப வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம், நனைந்தபின் படகில் தூக்கிப் போட ஆள் பற்றாது.

ஐந்தாம் படி: அண்டாச் சோதனை

சரக்கைக் களத்துக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே சோதியுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சின்னத் தராசு ஒன்று வேண்டும். 5 கிராம் துண்டு ஒன்றை வெட்டி எடை போடுங்கள். லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைத்த தண்ணீரில் மிதக்கவிட்டு, 15 நிமிடம் அவ்வப்போது கலக்கிவிடுங்கள். எடுத்து 30 நொடி சொட்டவிட்டு மறுபடி எடை. 5 கிராம் 10 கிராமுக்கு மேல் போனால் நார் தண்ணீர்க்குடியன், மாற்றுங்கள். அடுத்து இன்னொரு 5 கிராம் துண்டு, தண்ணீர் இல்லாமல் எண்ணெயில் மட்டும், அதே 15 நிமிடம், அதே 30 நொடி.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். முக்கியமானது மூன்றாவது: தண்ணீரில் ஊறிய அந்த முதல் துண்டையே எண்ணெயில் போட்டுப் பாருங்கள். களத்தில் நடப்பது அதுதான். புதுத் துண்டு பிடித்ததில் முக்கால் பங்காவது அது பிடித்தால் துணிந்து எடுத்துப் போகலாம். சோதனைக்குப் பழைய என்ஜின் ஆயில் போதும். வீட்டுச் சமையல் பாத்திரத்தில் செய்தால் அதன்பின் வரும் விளைவுக்கு நான் பொறுப்பல்ல.

ஆறாம் படி: தண்ணீரில் இறக்குவது

உறிஞ்சுவதற்கு முன் தடுப்பது. எண்ணெய் நீரோட்டத்தின் முழு வேகத்தோடு போகும், காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ளும். காற்றும் ஓட்டமும் சேர்ந்து எந்த மூலையில் தள்ளும் என்பது அந்தத் துறையில் படகு நிறுத்துகிறவர்களுக்குத் தெரியும், அவர்களைக் கேளுங்கள். வேறெந்த வரைபடத்தையும்விட அது நம்பகமானது.

ஒரு தேங்காய் மட்டையை மிதக்கவிட்டு 10 மீட்டர் போக எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் ஓட்டத்துக்கு நேர் குறுக்காக வேலி போடாதீர்கள், எண்ணெய் அடியில் புகுந்து போய்விடும். வேலியைச் சாய்வாகக் கட்டி, ஓட்டம் குறைந்த ஓரத்துக்கு எண்ணெயை ஒதுக்கி, துணியை அந்த ஓரத்தில் இறக்குங்கள். திண்டுகளை ஒரே வரிசையாகக் கட்டாமல் இரண்டு வரிசை, ஒன்றின் இணைப்பு இன்னொன்றின் நடுவில் வருமாறு. கழிமுகத்தில் கடல்நீர் ஏறும்போது ஒரு பக்கமும் வற்றும்போது மறுபக்கமும் எண்ணெய் நகரும், அதனால் கயிற்றில் தளர்வு விட்டுக் கட்டுங்கள்.

விரிப்பைப் போட்டதும் எடுத்துவிடாதீர்கள். டீசல் சில நிமிடங்களில் ஏறிவிடும், கெட்டியான எண்ணெய்க்கு நேரம் பிடிக்கும். ஒரு பக்கம் கறுத்ததும் திருப்பிப் போடுங்கள். முழுக்க நிரம்பியதை உடனே எடுத்துவிட வேண்டும். மறந்து விட்ட திண்டு மறுநாள் தானே எண்ணெய் கசிய ஆரம்பிக்கும். போட்ட ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, எத்தனை போட்டோம், எத்தனை எடுத்தோம் என்று ஒருவர் கணக்கு வைக்க வேண்டும். அலையாத்திக் காட்டுக்குள் இது இன்னும் கறார். மூச்சு வேர்களுக்கிடையே ஆட்கள் நடந்து துடைத்தால் எண்ணெய் சேற்றுக்குள் மிதிபட்டு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். காட்டின் விளிம்பில், படகிலிருந்தே திண்டு கட்டி, வற்றத்தில் வெளியே வரும் எண்ணெயைப் பிடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலையில் அடிபட்டு எண்ணெயும் தண்ணீரும் குழம்பிச் சாக்லேட் பாகு போல் பழுப்பாகிவிட்டால் துணி தோற்கும். பாகு நாருக்குள் இறங்காது, மேலேயே அப்பிக்கொள்ளும். அதை மொண்டுதான் எடுக்க வேண்டும். மொண்ட பிறகு பாறையிலும் படகிலும் மிஞ்சுவதற்குத் துணி.

கையுறை நைட்ரைல் ரகமாக இருக்கட்டும், மெல்லிய ரப்பர் உறை எண்ணெயில் ஊறிக் கிழியும். தலைவலியோ குமட்டலோ வந்தால் அன்றைக்கு அவருக்கு வேலை முடிந்தது.

ஏழாம் படி: பிழிவது

பழைய சலவைக்கடை உருளைப் பிழிப்பான் போல இரண்டு உருளையுள்ள எதுவும் சரி. கீழே பீப்பாய். பிழிந்த எண்ணெயில் தண்ணீர் அடியில் தங்கும், அதை வடித்துவிட்டுத் திரும்ப ஆற்றில் ஊற்றாதீர்கள், அதுவும் எண்ணெய்த் தண்ணீர்தான். முன்பு சொன்ன சிங்கப்பூர் ஆய்வில் நான்கு முறை பயன்படுத்திய பிறகு இலவம் இழந்தது 30 சதவீதத் திறன்தான். ஆனால் அது ஆய்வகம். முறுக்கிப் பிழிந்தால் குழல் நார் நசுங்கும், கலவை விரிப்பு பிய்யும். முறுக்காமல் உருளையில் மெதுவாக அழுத்தி, மூன்று முறை வரை பயன்படுத்தலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: குப்பை யாருடையது?

பெரும்பாலான தன்னார்வக் கூட்டங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. பஞ்சு மக்கும், அதனால் புதைத்துவிடலாம் என்ற பேச்சை நம்பாதீர்கள். மக்குவது நார், அதற்குள் இருக்கும் கச்சா எண்ணெய் நேரே நிலத்தடி நீருக்குப் போகும். கடற்கரையில் கொளுத்துவதும் கூடாது. எண்ணெய் பட்ட துணி 2016-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளின் கீழ் வருவது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும். இயற்கை நாருக்கு இங்கே ஒரு லாபம் உண்டு: எண்ணெயில் ஊறிய பஞ்சு நல்ல எரிபொருள், சிமென்ட் ஆலைச் சூளையில் எரிக்கக் கொடுக்கலாம், அதற்கும் முறைப்படியான அனுமதி வேண்டும்.

அதுவரை மூடியுள்ள இரும்புப் பீப்பாயில், நிழலில், அடுப்பிலிருந்தும் பீடியிலிருந்தும் தள்ளி வையுங்கள். சிந்தியது தாவர எண்ணெய் என்றால் கூடுதல் கவனம். ஆளிவிதை போன்ற உலரும் எண்ணெய் பட்ட பஞ்சைக் குவித்து வைத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். எத்தனை பீப்பாய் வேண்டும் என்பதைத் துணி தைப்பதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். நனைந்த 1 மீட்டர்த் திண்டுகள் ஒரு 200 லிட்டர்ப் பீப்பாயில் பத்துக்கு மேல் கொள்ளாது. நூறு திண்டு இறக்குகிறீர்கள் என்றால் பத்துப் பீப்பாயும், அவற்றை ஏற்ற வண்டியும், எங்கே இறக்குவது என்ற முகவரியும் கையில் இருந்த பிறகு முதல் கயிற்றைக் கட்டுங்கள்.